ஏரிக்கரையில் ஊதாத விசில்

1968ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்தேன். திருநீறு இட்டுக்கொண்டு, மனைவி கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தேன். காலணிக்கு மெருகு போட்டேன். குடையை எடுத்துக்கொண்டு, சிங்கப்பூரின் புக்கிட் மேராவிலிருந்து வழக்கமான பேருந்தில் அலுவலகம் போனேன். சனிக்கிழமை அரைநாள் வேலை. சீனப் புத்தாண்டு வந்துபோய்ச் சில நாள்களே ஆகியிருந்தன. நடைபாதையில் சிவப்புப் பட்டாசுத் தாள்கள் ஈரத்தோடு ஒட்டிக்கிடந்தன.

எல்லாம் ஒழுங்காக நடந்தன. நான் ஒழுங்கானவன். என்னைத் தெரிந்த எவரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அடுத்ததாக, 'தைரியசாலி' என்பார்கள்.

அந்த இரண்டாவது சொல் பொய்.

நான் ஓடியவன்! நண்பருக்குக் காவலாக நின்ற இடத்திலிருந்து, அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடியவன். ஓடியதும் ஒரு தடவை அல்ல... இரண்டு தடவை! முதல் ஓட்டத்தை நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். இரண்டாவது ஓட்டம் இருக்கிறதே... அதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது.

என் பெயர் சோமசுந்தரம். ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். சிராங்கூன் சாலைப் பக்கம் போய் எழுத்தர் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. கிராணி என்றால்தான் புரியும். ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரைக்குப் போகும் சரக்குக் கப்பல் ஒன்றில் பயணிகளுக்கான சில அறைகள் காலியாகவே போய் வந்துகொண்டிருந்தன. அவற்றை நிரப்ப என் முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆறு பேர் கொண்ட சிறு குழு. கப்பலில் பெய்ரா துறைமுகம், அங்கிருந்து ரயிலில் மலாவி. முதலில் காட்டில் விலங்குகளைப் பார்ப்பது. பிறகு பெரிய ஏரியின் கரையில் சில நாள் ஓய்வு. குழுவை நடத்திச் செல்ல ஒழுங்கான ஆள் ஒருவர் வேண்டும். வேறு யாரை அனுப்புவார்கள்?

இது 1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்.

என் மனைவி விசாலம் வந்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் லிம்மும் அவர் மனைவியும் வந்தார்கள். புகைப்படக்காரர் நாயர் வந்தார். ஆறாவது ஆள் காதர் பாய்.

காதர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். டன்லப் ஸ்திரீட்டில் குடையும் பயணப்பெட்டியும் விற்கும் கடை அவருடையது. ஊருக்கெல்லாம் பயணப்பெட்டி விற்றவர். தாம் பினாங்கைத் தாண்டி எங்கும் போனதில்லை. நானும் அவரும் இருபது ஆண்டுப் பழக்கம். மாலையில் அவர் கடை வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்காமல் நான் வீட்டுக்குப் போனது அபூர்வம். அவர் மனைவி கதீஜா மட்டும் பயணத்துக்கு மறுத்துவிட்டார்.

"கப்பல்னா எனக்கு வாந்தி. சிங்கத்தப் பாக்க வாந்தி எடுத்துக்கிட்டுப் போகணுமாக்கும்! நீங்க போயிட்டு வாங்க" என்று கணவரை எங்களோடு அனுப்பிவைத்தார்.

அந்தப் பயணத்தைப் போல் மகிழ்ச்சியான நாள்கள் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மலாவியில் எங்களுக்கு வாகனமோட்டியும் வழிகாட்டியுமாக வந்தவர் ஃபிரி. உயரமான மனிதர், மெதுவாகப் பேசுபவர். விலங்குகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் சொன்ன எச்சரிக்கைகளை எல்லாம் அன்றிரவே நான் தட்டச்சு செய்து, நகலெடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டேன். ஆம்... தட்டச்சுப் பொறியைக் கப்பலேற்றி எடுத்துப் போயிருந்தேன்! சிரிக்காதீர்கள்.

காட்டுக்குள் முதல் நாள் காலை, செம்மண் பாதையின் நடுவில் ஒரு கொம்பன் யானை வந்து நின்றது. ஃபிரி எஞ்சினை நிறுத்தினார். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. காதர் பாய் என் காதருகே குனிந்தார்.

"கிராணியாரே, இதுக்கு ரூல் நம்பர் எத்தன?"

"பேசக் கூடாதுங்கிறதுதான் ரூல்!"

"யானைக்கும் ரூல்ஸ் காப்பி ஒண்ணு குடுத்தீங்களா?"

லிம் தம்பதியருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எனக்கு வந்த சிரிப்பைப் பார்த்து அவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியே குலுங்கியது. யானை எங்களை ஒரு தடவை பார்த்தது; இதுகளோடு நமக்கென்ன என்பதுபோலத் திரும்பிப் போய்விட்டது.

மதியத்தில் ஃபிரி மக்காச்சோளக் களி கிண்டிக் கொடுப்பார். விசாலம் கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயும் காதர் பாய் கொண்டுவந்த நெத்திலி சம்பலும் அதற்குப் பொருந்தியதைப் போல் வேறெதற்கும் பொருந்தியதில்லை. ஃபிரி மூன்று தடவை சம்பல் கேட்டு வாங்கினார். கண்ணில் நீர் வழிய, "நல்லது, மிக நல்லது" என்றார்.

பிறகு ஏரிக்குப் போனோம்.

ஏரி என்றா சொன்னேன்? அது கடல்! மறுகரை தெரியாத நன்னீர்க் கடல். மேட்டில் எங்கள் ஓய்வு இல்லம். அதன் பின்பக்கம் சமையற்கட்டு. அதை ஒட்டி ஒரு காய்கறித் தோட்டம். சரிவில் இறங்கினால் வெண்மணல்; இடதுபுறம் ஆளுயர நாணல்.

அந்த நாணலைக் காட்டித்தான் ஃபிரி எங்களை எச்சரித்தார். "பொழுது சாயும்போது நீர்யானை மேய்வதற்குக் கரையேறும். சிங்கத்தைவிட அதற்குத்தான் இங்கே நாங்கள் அதிகம் பயப்படுகிறோம். மாலையில் யாரும் தனியாகத் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. ஒருவர் போனால் இன்னொருவர் காவல் நிற்க வேண்டும்." இப்படிச் சொல்லிவிட்டு, கயிறு கோத்த பித்தளை விசில் ஒன்றை எடுத்தார். எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். என் கழுத்தில் மாட்டினார்.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

காதர் பாய்க்கு ஒரு குழப்பம் இருந்தது. சிங்கப்பூரில் தொழும்போது மேற்குப் பக்கம் பார்த்து நிற்பார்கள். இங்கே மக்கா எந்தப் பக்கம்? கப்பல் வரைபடங்களோடு பழகியவன் நான். திசைகாட்டியை மணலில் வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னேன். "வடக்கு. கொஞ்சம் கிழக்கே சாய்ஞ்சு. நேரா தண்ணியப் பாத்து நில்லுங்க, பாய்."

"கிராணியார் சொன்னா சரிதான்" என்று தொழுகைப் பாயை விரித்தார். ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் மாலை. சூரியன் இறங்கிவிட்டது, வெளிச்சம் மட்டும் மிச்சம். காதர் பாய் ஏரி நீரில் முகம், கை, கால் கழுவி ஒளூச் செய்து, தொழத் தொடங்கினார். அவருக்குப் பின்னால், சரிவில் கிடந்த ஒரு மரக்கட்டையில் நான் காவலாக உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் இல்லத்தின் முன்பக்கத் தாழ்வாரத்தில் இருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மரங்கள்தான் தெரியும், கரை தெரியாது.

நாணல் அசைந்தது.

காற்று என்று நினைத்தேன். காற்று அல்ல. நாணலைப் பிளந்துகொண்டு ஒரு தலை வந்தது. பிறகு உடம்பு வந்தது... வந்துகொண்டே இருந்தது! ஈரப் பாறை ஒன்று கால் முளைத்து நடப்பதுபோல் இருந்தது. மணலில் ஏறி, காதர் பாயின் முதுகை நோக்கித் திரும்பியது.

விசில் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை உயர்த்தினால் போதும்.

நான் ஓடினேன்!

சத்தம் போட்டேனா? இல்லை. ஊதினேனா? இல்லை. காதர் பாய் நெற்றியை மண்ணில் வைத்திருந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் திரும்பினேன். சரிவில் ஏறி, வீட்டைச் சுற்றி ஓடி, சமையற்கட்டுப் படியில் தடுக்கி விழுந்து, எழுந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சமையற்காரர் கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தார். நான் அவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இதுதான் முதல் ஓட்டம்.

இனி இரண்டாவது... இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கதவுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திடீரென்று வெளியே முட்டைக்கோசுகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. சன்னலில் எட்டிப் பார்த்தேன். அது தோட்டத்துக்கு வந்துவிட்டது! நான் ஒளிந்திருந்த சுவருக்கு அந்தப் பக்கமே நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. சமையற்காரர் பாத்திரத்தைத் தட்டிக் கூச்சலிடத் தொடங்கினார். அது தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது.

அந்த நொடியில் உலகத்தில் எனக்கு மிகப் பத்திரமான இடம் எது? அது புறப்பட்டு வந்துவிட்ட இடம். ஏரிக்கரை!

மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு மறுபடி ஓடினேன். கரைக்கு ஓடினேன். நண்பருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடவில்லை. இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் உயிருக்காகத்தான் ஓடினேன். அவர் நினைவு கரையில் கால் வைத்த பிறகுதான் வந்தது.

அவர் உயிரோடு இருந்தார். உட்கார்ந்து, தொழுகையை முடிக்கும் கட்டத்தில் இருந்தார். வலப்பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் சொன்னார். இடப்பக்கம் திருப்பினார்... அப்படியே உறைந்துவிட்டார். அவர் பாயின் ஓரத்திலேயே, மணலில், சோற்றுத்தட்டு அகலத்துக்குக் காலடிகள். பிறகு பின்னால் திரும்பினார். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். வியர்வையில் நனைந்து, வாயைத் திறந்தபடி.

"யா அல்லாஹ்! இவ்வளவு கிட்டயா வந்துச்சு? புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நீங்கதான் மூக்குச் சிந்துறீங்கன்னு நெனச்சேன்!"

எனக்கு மூச்சு இரைத்தது.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் ஃபிரி தீப்பந்தத்தோடு ஓடி வந்தார். பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். ஃபிரி காலடித் தடத்தைப் பார்த்தார், தொழுகைப் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் ஊதவில்லை?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் காதர் பாய் முந்திக்கொண்டார். "தொழுகையில் இருப்பவனைக் கூப்பிடக் கூடாது என்று இவருக்குத் தெரியும். அதனால் ஊதாமல் எனக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். எனக்காக நின்றார்!"

ஃபிரி தொப்பியைக் கழற்றினார். லிம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விசாலம் அழுதாள். நான் ஓடியதைப் பார்த்த சமையற்காரர் அங்கே வரவில்லை; பிறகும் அவரை யாரும் கேட்கவில்லை. நான் கழுத்தைத் தடவிப் பார்த்தேன், விசிலைக் காணோம். எங்கோ விழுந்திருக்கிறது. "மணலில் புதைந்திருக்கும், போகட்டும்" என்றார் ஃபிரி.

ஒரு சொல் போதுமே! 'இல்லை' என்ற ஒரு சொல். அது ஏன் வரவில்லை? அன்றைக்கு வரவில்லை, கப்பலில் வரவில்லை, சிங்கப்பூரில் இறங்கிய பிறகும் வரவில்லை. எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். தொழுகையைக் கலைக்கக் கூடாது என்பது உண்மைதானே? இருபது ஆண்டு அவரோடு பழகியவனுக்கு அந்த மரியாதை ரத்தத்தில் ஊறியிருக்காதா? ஒருவேளை அதனால்தான் என் கை எழவில்லையோ...

எவ்வளவு அழகான சமாதானம், பாருங்கள்!

ஊர் திரும்பியதும் காதர் பாய் கதையைத் தம் கடை வாசலில் வைத்துச் சொல்லத் தொடங்கினார். குடை வாங்க வந்தவர், பெட்டி வாங்க வந்தவர், வழி கேட்க வந்தவர் எல்லாருக்கும் சொன்னார். ஒருநாள் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடை மாரிமுத்து குறுக்கே புகுந்து கேட்டான்.

"பாய், அது கடிச்சிருந்தா என்ன ஆவுறது? கிராணி விசில ஊதியிருக்கலாம்லா?"

"உயிருக்கு ஆபத்துன்னா தொழுகைய முறிச்சிரலாம், தம்பி. அது எங்களுக்குத் தெரியும். கிராணியாருக்குத் தெரியாதுலா! அதான் பாவம், தன் உசிரப் பணயம் வச்சு நின்னுட்டாரு."

என் சமாதானம் அத்தோடு போயிற்று. கையில் இருந்த தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'தெரியாது' என்பது எனக்குக் கிடைத்த கடைசிப் போர்வை. ஆனால் எனக்குத்தான் தெரியுமே... தெரிந்தோ தெரியாமலோ நான் அங்கே நிற்கவே இல்லை என்று!

அதற்குப் பிறகு 'நீர்யானைக் கிராணி' என்றே பெயராகிவிட்டது. அந்தப் பெயரோடு வாழ்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டில் கரப்பான் பூச்சி வந்தால் விசாலம் நகர்ந்து நின்று எனக்கு வழிவிட்டாள். கீழ்வீட்டு அம்மாள் வெறிநாய் வந்தால் என்னைக் கூப்பிட்டார். ஒரு மழைநாளில் வடிகாலில் மலைப்பாம்பு வந்துவிட்டது; அடுக்குமாடியே என் கதவைத் தட்டியது.

"மாமா இருக்காருல்ல, பயமே இல்ல லா!" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

கம்பை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பாம்பை எப்படியோ சாக்குக்குள் தள்ளினேன். கைதட்டினார்கள்! தைப்பூசத்தில் டேங்க் ரோடு கோயில் வாசலில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். தைரியசாலியாக நடித்து நடித்து, உண்மையிலேயே சில சமயம் தைரியசாலியாக இருந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு கைதட்டலுக்கும் அடியில் அந்த நாணல் அசையும். ஒவ்வொரு தடவையும் அசையும்.

சென்ற மாதம், நோன்புப் பெருநாள் முடிந்ததும், காதர் பாய் சொன்னார்: "நானும் கதீஜாவும் ஹஜ்ஜுக்குப் போறோம், கிராணியாரே. கப்பல்ல டிக்கெட்டு கெடச்சிருச்சு."

"வாந்தி வருமே?" என்றேன்.

"மக்காவுக்குப் போற கப்பல்ல வாந்தி வராதாம்! அவளே தீர்ப்புச் சொல்லிட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் மச்சானுக்கு தூரத்துல, சிலேத்தார்ல வேல, வாரக் கடைசிலதான் வர முடியும். கடைச் சாவிய உங்ககிட்டத்தான் குடுக்கப்போறேன். காலைல திறந்து, கடைப் பையன்கள உக்கார வச்சுட்டு ஆபீஸ் போயிருங்க. சாயங்காலம் வந்து பூட்டிருங்க. முதுகக் காட்டிக்கிட்டு நிம்மதியா நிக்கணும்னா, பின்னால நிக்கிற ஆளு நீங்களா இருக்கணும்."

இதைச் சொல்லாமல் அந்தச் சாவியை வாங்கலாமா? பொய்யை நம்பி ஒருவர் தம் கடையையே கொடுக்கிறார்... அவர் புறப்படுவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை, நான் முதலில் சொன்ன அந்த பிப்ரவரி 3. அன்று மாலைதான் அவர்கள் கப்பல். அலுவலகம் முடிந்து நேராக டன்லப் ஸ்திரீட் போனேன். கடை மாடியில் காதர் பாய் வீடு நிறையக் கூட்டம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அது அவர்கள் வழக்கம். காதர் பாய் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, "ஏதாச்சும் தப்பு நடந்திருந்தா மாப்புப் பண்ணிருங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மாரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போன வருசம் என் கடைக்கு வந்த கிராக்கியப் பிடிச்சு குடை வித்தீங்களே, அதயும் மன்னிச்சுட்டேன் பாய்" என்றான். கூட்டம் சிரித்தது.

என் முறை வந்தது. காதர் பாய் என் தோளைத் தட்டினார். "உங்ககிட்ட தொறமுகத்துல கேட்டுக்குறேன்."

துறைமுகத்தில் இதைவிடப் பெரிய கூட்டம். கட்டியணைப்பவர்கள், அழுபவர்கள், மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஏறுபவர்கள். விசாலமும் கதீஜாவும் ஒருபக்கம் நின்று, வாந்திக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். காதர் பாய் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். வெள்ளை உடையில் அவர் புதிய ஆளாகத் தெரிந்தார்.

"பாய், நான் ஒண்ணு சொல்லணும். அந்த ஏரிக்கரைல..."

"இருங்க, நான் முந்திக்கிறேன். நேரமில்ல." என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களப் பத்தி ஊரெல்லாம் ஒரு பொய்யச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், கிராணியாரே. அத வச்சுக்கிட்டு அங்க போய் நிக்க முடியாது. மாப்புப் பண்ணிருங்க."

என் உள்ளங்கையில் சாவிக்கொத்தை வைத்தார். அதில் சாவிகளோடு இன்னொன்றும் கட்டியிருந்தது. கயிறு கோத்த பித்தளை விசில்!

"மறுநாள் காலைல எடுத்தேன். சமையக்கட்டுப் படிக்கிட்ட கெடந்துச்சு."

தரை நழுவியது என்று எழுதுவார்கள். எனக்கு நழுவவில்லை. தரை அப்படியே இருந்தது, அதுதான் கொடுமை.

"அப்ப... உங்களுக்குத் தெரியும்?"

"ஓடினீங்கன்னு அன்னிக்கே தெரியும். நின்னுக்கிட்டிருந்த ஆளுக்கு அப்படியா மூச்சு வாங்கும்?" அவர் சிரித்தார். கோபத்தின் சாயல்கூட இல்லை. "அதுக்கென்ன. யாரா இருந்தாலும் ஓடியிருப்பாங்க. நானா இருந்தா உங்களுக்கு முன்னாடி ஓடியிருப்பேன்! ஆனா நீங்க திரும்பி வந்தீங்கல்ல? அது அங்கதான் நிக்கிதுன்னு நெனச்சுக்கிட்டே, எனக்காகத் திரும்பி ஓடி வந்தீங்கல்ல? அந்த மூஞ்சியப் பாத்ததுக்கு அப்புறம் வேற என்னத்தச் சொல்ல? ஒரு சின்னப் பொய்தான் சொன்னேன். நின்னாருன்னு சொன்னேன். திரும்பி வந்தாருன்னு சொல்லியிருக்கணும்."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். 'பாய், நான் உங்களுக்காகத் திரும்பி வரவில்லை. அது தோட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பயந்துதான் உங்களிடம் வந்தேன்.' இவ்வளவுதானே? தட்டச்சில் அடித்தால் இரண்டு வரி!

கப்பல் சங்கு ஊதியது. கதீஜா தூரத்திலிருந்து, "என்னங்க, ஏறலயா!" என்று கத்தினார்.

"மாப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுங்க. சொல்லாம ஏற முடியாது" என்றார் காதர் பாய்.

நான் சொன்னேன். "மன்னிச்சுட்டேன், பாய்."

நான்! அவரை! மன்னித்தேன்!

அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். படிக்கட்டில் கால் வைத்தவர் திரும்பி, சாவிக்கொத்தைக் காட்டிச் சிரித்தார். "கடைக்குத் திருடன் கிருடன் வந்தா... இந்தத் தடவ ஊதுங்க!"

கப்பல் போயிற்று. திரும்பும் வழியில் விசாலம், "பாய் உங்ககிட்ட என்னங்க அவ்வளவு நேரம் சொன்னாரு?" என்று கேட்டாள். "கடைச் சமாச்சாரம்" என்றேன்.

நீங்கள் சொல்லுங்கள். அவர் திரும்பி வர மாதங்கள் ஆகும். வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் புனித யாத்திரை முடித்து வருகிறவர் கையில், அவர் கொண்டுபோன ஒரே நல்ல நினைவைப் பிடுங்கிக்கொண்டு, உண்மையைக் கொடுப்பதா? இதுவும் ஓர் அழகான சமாதானமோ... மூன்றாவது ஓட்டமோ? எனக்குத் தெரியவில்லை. அங்கே போய் அவர் எனக்காகவும் வேண்டிக்கொள்வார். திரும்பி வந்த நண்பனுக்காக வேண்டிக்கொள்வார். அப்படி ஒருவன் இல்லையே!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, முதல் பேருந்தில் டன்லப் ஸ்திரீட் போனேன். தெருவில் ஆள்நடமாட்டம் இல்லை; மாரிமுத்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். பூட்டைத் திறந்தேன். பலகைக் கதவுகளைத் தள்ளினேன். உள்ளே தோலும் புதுத்துணியும் கலந்த வாசனை. வேறு எதையும் தொடுவதற்கு முன், சாவிக்கொத்தில் தொங்கிய விசிலைச் சட்டையில் துடைத்து, வாயில் வைத்து ஊதினேன்.

நன்றாகத்தான் ஊதியது. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மாரிமுத்து பதறிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "என்ன கிராணி, நீர்யானையா?"

"ஒண்ணுமில்ல தம்பி" என்றேன். குடைகளை எடுத்து வாசலில் மாட்டத் தொடங்கினேன்.